மாட்டுத் தலையில் தொடங்கிய எழுத்து

எகிப்துக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் வீட்டில் அநேகமாக ஒரு வெள்ளி டாலர் இருக்கும், சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்கிற டாலர். நீள்வட்டச் சட்டத்துக்குள் கழுகு, பாம்பு, ஆந்தை, அலைக்கோடு என்று மேலிருந்து கீழாகப் பொறித்திருக்கும். கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைத்தெருவில் பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் ஒரு அட்டையைப் பார்த்து ஏ-க்குக் கழுகு, பி-க்குப் பாதம், எம்-முக்கு ஆந்தை, என்-னுக்கு அலை என்று எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பொறித்துக் கொடுத்துவிடுவார். வாங்கி வந்தவருக்கு அதோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொள்கிறது: பழைய எகிப்தியர்களிடமும் ஏபிசிடி இருந்திருக்கிறது, படமாக வரைந்தார்கள், அவ்வளவுதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கிளியோபாட்ரா, தாலமி மாதிரி கிரேக்கப் பெயர்களை எழுத வேண்டி வந்தபோது எகிப்திய எழுத்தர்களும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தார்கள், 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் அந்த எழுத்தை உடைத்துப் படித்ததே இப்படி ஒலி ஒலியாக எழுதிய அந்நியப் பெயர்களில் கையை வைத்துத்தான். ஆனால் டாலரில் இருக்கும் அந்த அலைக்கோட்டை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் அது 'ந்'. இன்றைக்கு ஆங்கிலத்தில் நாம் எழுதும் எம் என்ற எழுத்தும் அதே தண்ணீர் அலையிலிருந்து வந்ததுதான், ஆனால் அது 'ம்'. ஒரே படம், இரண்டு ஒலி. ஆல்ஃபபெட் எங்கே, யார் கையில் பிறந்தது என்ற கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இந்த ஒரு முரணுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஹைரோகிளிஃப் என்கிற இந்த எகிப்திய எழுத்து எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். கி.மு. 3200 வாக்கில், அபிதோஸ் கல்லறைகளில் கிடைத்த சின்னஞ்சிறு தந்த, எலும்புச் சீட்டுகளில் அது தொடங்குகிறது. வெறும் பட எழுத்து என்று நினைப்பது தப்பு. தமிழில் 'ஆறு' என்றால் நதி, எண்ணும்கூட. எண்ணைப் படமாக வரைய முடியாது, நதியை வரையலாம். ஆகவே நதியை வரைந்துவிட்டு "ஆறு" என்று படிக்கச் சொன்னால் அது படத்தைக் கடன் வாங்கி ஒலியை எழுதும் தந்திரம். எகிப்தியர்கள் இந்தத் தந்திரத்தின் மேல்தான் முழு வீட்டையும் கட்டினார்கள். வீட்டுக்கு அவர்கள் மொழியில் 'பர்' என்பது போல ஒரு சொல், உயிரொலியை அவர்கள் எழுதவில்லை, ப்-ர் மட்டும்தான் நமக்குத் தெரியும். ('பெரிய வீடு' என்று அரண்மனையைச் சொன்ன சொல்தான் பிறகு அரசனுக்கே ஆகிவந்து, சுற்றிச் சுற்றி நம்மிடம் 'பார்வோன்' என்று வந்து சேர்ந்தது.) ஒரு வீட்டுப் படத்தைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டால் வீடு. அதே வீட்டுப் படம், அதன்கீழ் 'ர்' ஒலிக்கான வாய், அப்புறம் நடக்கிற இரண்டு கால்கள், இப்படிச் சேர்த்துப் போட்டால் 'வெளியே போ'. ஏனென்றால் அந்த வினைச்சொல்லிலும் ப்-ர் இருக்கிறது. அந்தக் கால்களை யாரும் வாயால் படிப்பதில்லை, "இது நடக்கிற காரியம் சம்பந்தப்பட்ட சொல், வீடு என்று நினைத்துவிடாதே" என்று கண்ணுக்குச் சொல்லும் குறிப்பு மட்டும்தான்.

இப்படி வழக்கில் இருந்த குறிகள் சுமார் 700. சில ஒரு மெய்யொலிக்கு, பல இரண்டு மெய்யொலிக்கு, இன்னும் சில மூன்றுக்கு, மிச்சம் எல்லாம் வாயால் படிக்காத குறிப்புகள். ஒரே மெய்யொலிக்கு ஒரே குறி என்கிற வகையில் மட்டும் சுமார் 24. டாலர் கடை அட்டையில் இருப்பவை இவைதான். ஆக, பிரமிடு கட்டிய காலத்திலேயே அவர்கள் கையில் 24 எழுத்து தயாராக இருந்தது, மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அந்த 24-ஐ மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஆல்ஃபபெட் கதை அங்கேயே முடிந்திருக்கும். செய்யவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு மேலாகச் செய்யவில்லை.

ஏன் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "பிற்போக்கு, பூசாரிகளின் சூழ்ச்சி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சோம்பேறிப் பதிலாகத் தெரிகிறது. ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த எழுத்து சுமையே இல்லை, உதவி. வாட்ஸாப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறவர்களைப் பாருங்கள், பள்ளியும் பல்லியும் ஒரே மாதிரிதான் வரும், முன்பின் பார்த்துத்தான் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனதா பல்லி சுவரில் போனதா என்று முடிவு செய்கிறோம். எகிப்தியனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சொல்லின் கடைசியில் வரும் குறிப்புப்படம் பொருளையும் சொல்லிவிடுகிறது, சொல் எங்கே முடிகிறது என்பதையும் காட்டிவிடுகிறது. உயிரெழுத்தும் இல்லாமல், சொற்களுக்கு இடைவெளியும் இல்லாமல், 24 மெய்களை மட்டும் வரிசையாக எழுதினால் அது அவர்களுக்கு முன்னேற்றமாகத் தெரிந்திருக்காது, எழுதத் தெரியாதவன் கிறுக்கியது மாதிரிதான் தெரிந்திருக்கும். தவிர, அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'கடவுளின் சொற்கள்'. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றில் ஒருவர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள், அந்த ஒருவருக்கு வெயிலில் வேலை இல்லை, முதுகில் பிரம்படி இல்லை, வரிக்கணக்கு அவர் கையில். பானை செய்பவன், வண்ணான், கொல்லன் என்று எல்லாத் தொழிலையும் கிண்டலடித்து எழுத்தர் வேலையே உசத்தி என்று பையனுக்கு அப்பா புத்தி சொல்லும் பழைய எகிப்தியப் பாடம் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழகியிருக்கிறார்கள். இந்த நிலையில் எழுத்தை எல்லோருக்கும் சுலபமாக்க வேண்டும் என்று எந்த எழுத்தருக்குத் தோன்றும்?

வேலை வெளியாட்களிடம் போனது.

சினாய் தீபகற்பத்தின் தென்மேற்கில், செங்கடல் கரையிலிருந்து உள்ளே தள்ளி, செராபித் எல்-காதிம் என்று ஒரு வறண்ட மேட்டுநிலம். அங்கே எகிப்தியர்கள் பச்சைநீலக் கல் தோண்டினார்கள், நகையில் பதிக்கும் டர்காய்ஸ். அரசன் பெயரால் ஆட்களும் கழுதைகளுமாகப் படை போல் கிளம்பி வந்து, தோண்டி, திரும்பிப் போவார்கள். மேட்டின் மேல் ஹத்தோர் தேவிக்குக் கோயில், 'பச்சைநீலக் கல்லின் நாயகி' என்று பட்டம். 1905-இல் ஆங்கிலேய அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியும் அவர் மனைவி ஹில்டாவும் இங்கே ஆய்வு செய்தபோது வழக்கமான எகிப்தியக் கல்வெட்டுகளோடு வேறு சில கிறுக்கல்களும் கிடைத்தன. பார்க்க எகிப்தியப் படங்கள் மாதிரி இருக்கிறது, ஆனால் படித்தால் எகிப்திய மொழி வரவில்லை. கோணல்மாணலாக, சில இடங்களில் மேலிருந்து கீழ், சில இடங்களில் பக்கவாட்டு. குறிகள் மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்து, இது ஏதோ ஒலியெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று பெட்ரி ஊகித்தார். படிக்க முடியவில்லை.

பதினோரு வருடம் கழித்து, 1916-இல், ஆலன் கார்டினர் அதன் பூட்டைத் திறந்தார். எகிப்திய இலக்கணத்தில் கரைகண்டவர் அவர். கல்வெட்டுகளில் நான்கு குறிகள் மீண்டும் மீண்டும் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார்: வீடு, கண், வளைந்த தார்க்குச்சி, சிலுவைக் குறி. எபிரேய எழுத்துகளின் பெயர்கள் அவருக்குத் தெரியும். பேத் என்றால் வீடு, ஐன் என்றால் கண், லாமேத் என்பதை மாட்டை ஓட்டும் தார்க்குச்சியோடு சேர்ப்பார்கள், தாவ் என்றால் அடையாளக் குறி. ஒவ்வொரு பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ப்-அ-ல்-த், இங்கே அந்த 'அ' உயிர் இல்லை, தொண்டையில் பிறக்கும் ஒரு மெய். பாலத், 'நாயகி' அல்லது 'தலைவி' என்று பொருள், கானான் நாட்டார், அதாவது இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான் பக்கத்துப் பழைய மக்கள், தங்கள் தேவியைச் சொல்லும் சொல். அதுவும் எங்கே? எகிப்தியர்கள் 'நாயகி' என்று கும்பிட்ட ஹத்தோர் கோயில் வாசலிலேயே. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சின்ன மணற்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று இருக்கிறது, ஒரு முழம்கூட நீளம் வராது. அதன் தோளில் எகிப்திய எழுத்தில் ஹத்தோர் பெயர், உடம்பின் இன்னொரு பக்கம் இந்தப் புது எழுத்தில் பாலத். சிலையைக் காணிக்கையாக வைத்தவர் ஒரே அம்மனை இரண்டு பெயரில் கூப்பிட்டிருக்கிறார்.

இந்த 'பெயரின் முதல் ஒலி' விஷயம் புரிய நமக்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒண்ணாம் வகுப்பு அரிச்சுவடி போதும். அ, பக்கத்தில் அணில் படம். ஆ, பக்கத்தில் ஆடு. இ, பக்கத்தில் இலை. இப்போது அந்த எழுத்துகளை ரப்பர் வைத்து அழித்துவிட்டுப் படத்தை மட்டும் மிச்சம் வையுங்கள். அணில் வந்தால் 'அ' என்று படி, இலை வந்தால் 'இ' என்று படி, அணில் எங்கே போனது இலை எங்கே விழுந்தது என்று யோசிக்காதே. இதுதான் கண்டுபிடிப்பு, இவ்வளவுதான். இதில் இரண்டு படி இருக்கிறது. படத்துக்கு ஒலி உண்டு என்பது முதல் படி, அதை எகிப்தியர்கள் ஏறி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படத்துக்கு ஒலி மட்டும்தான் உண்டு, அதுவும் ஒரே ஒரு ஒலிதான், வேறு எந்த வேலையும் அது செய்யக்கூடாது என்பது இரண்டாவது படி. சுமார் 700 குறிகள் முப்பதுக்குள் சுருங்கியது இந்த இரண்டாவது படியில்.

அலைக்கோட்டுக்கு வருவோம். எகிப்திய எழுத்தில் அலைக்கோட்டின் ஒலி 'ந்' என்று வழக்கமாகிவிட்டது. கானானியரின் மொழி எபிரேயமும் அரபியும் சேர்ந்த செமிட்டிக் குடும்பம், அதில் தண்ணீர் 'மைம்' மாதிரி ஒன்று, ஆகவே அதே அலை 'ம்' ஆகிறது. உள்ளங்கைக்கு அவர்கள் சொல் 'கஃப்', ஆகவே கைப்படம் 'க்', எகிப்தில் அதே கை 'த்' வகை ஒலி. வீடு எகிப்தில் ப்-ர், இவர்களுக்கு 'பைத்', ஆகவே மெல்லிய ஆங்கில பி ஒலி. (நம்மூர் முஸ்லிம்கள் ஜமாஅத் நிதிக்கு பைத்துல்மால் என்பார்கள், அந்த பைத் இதே வீடுதான்.) மாட்டுக்கு 'அல்ப்', தலைக்கு 'ரஅஷ்', பாம்புக்கு 'நஹஷ்'. படம் முழுக்க எகிப்து, ஒலி முழுக்கக் கானான். எகிப்தியர்களே தங்கள் 24 எழுத்தைச் சீர்செய்து ஆல்ஃபபெட் ஆக்கியிருந்தால் அலை 'ந்' என்றே தொடர்ந்திருக்கும். தொடரவில்லை என்பதே, இது அவர்கள் கைவேலை இல்லை என்பதற்கு ஆகப் பெரிய சாட்சி.

சரி, கானானியர் என்றால் எந்தக் கானானியர்? இங்கேதான் அறிஞர்கள் மல்லுக்கட்டிக்கொள்கிறார்கள். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எகிப்தியவியலாளர் ஒர்லி கோல்ட்வாஸர் சொல்வது, எழுதப் படிக்கவே தெரியாத சுரங்கத்து ஆட்கள், கி.மு. 1840 வாக்கில், மூன்றாம் அமெனெம்ஹத் காலத்தில், செராபித்திலேயே உருவாக்கியது. அவர் வைக்கும் சான்றில் எனக்குப் பிடித்தது பாம்பு. எகிப்திய எழுத்தில் நாகம் ஒரு ஒலி, கொம்பு விரியன் வேறு ஒலி, மாற்றிப் போட்டால் சொல்லே மாறிவிடும், ஒண்ணாம் வருட எழுத்தருக்கே தெரியும். சினாய்க் கல்வெட்டுகளில் ஒருத்தர் நாகம் வரைகிறார், இன்னொருத்தர் விரியன் வரைகிறார், இரண்டும் 'ந்' தான், ஏனென்றால் அவர்களுக்கு எல்லாமே பாம்பு. எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் இப்படிச் செய்ய மாட்டான் என்கிறார். எதிர்த்தரப்பில், மறைந்த ஆன்சன் ரெய்னி போன்றவர்கள், மொழியின் மெய்யொலிகள் அத்தனையையும் ஒன்று விடாமல் பிரித்தெடுத்திருக்கிறார்கள், இது படிப்பறிவு இல்லாதவன் தலையில் உதிக்கிற காரியமா என்று கேட்டார்கள்.

என் மனசு கோல்ட்வாஸர் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் 'ஒன்றும் தெரியாத சுரங்கக் கூலி' என்ற சித்திரம் கொஞ்சம் சினிமாத்தனம். செராபித்திலேயே எகிப்தியக் கல்வெட்டுகளில் கெபெதெத் என்று ஒருவர் பெயர் வருகிறது, ரெத்தெனு நாட்டுத் தலைவரின் சகோதரர், அதாவது கானான் பக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை. வந்தவர்கள் எல்லோரும் கல்லுடைக்க வந்தவர்கள் இல்லை, கழுதைக் கூட்டம் ஓட்டியவர், மொழிபெயர்த்தவர், ஆட்களைக் கட்டி மேய்த்தவர் என்று பலர் இருந்திருப்பார்கள். பக்கத்தில் எகிப்திய எழுத்தர் உட்கார்ந்து கோயில் சுவரில் பெயர் வெட்டுவதைத் தினம் பார்த்து, "இந்தப் படம்தான் உன் பெயரின் முதல் சத்தம்" என்று யாரோ சொல்லக் கேட்டு, பாடசாலைப் பக்கமே போகாமல் சங்கதியின் சாரத்தை மட்டும் பிடித்துக்கொண்ட ஒருவரைத்தான் என்னால் கற்பனை செய்ய முடிகிறது. முழுக்கத் தெரியாதவனுக்கு இந்த யோசனை வராது, முழுக்கத் தெரிந்தவனுக்கு இது தேவைப்படாது.

இடத்திலும் சிக்கல் உண்டு. 1990-களில் ஜான் டார்னெல், டெபோரா டார்னெல் தம்பதி எகிப்துக்கு உள்ளேயே, லக்சருக்கு வடமேற்கே பாலைவனப் பாதையில் வாதி எல்-ஹோல் என்ற இடத்துப் பாறையில் இதே வகை எழுத்தில் இரண்டு வரிகளைக் கண்டார்கள், 1999-இல் செய்தி வெளியானது. அரபியில் அந்தப் பெயருக்கு 'பயங்கரப் பள்ளத்தாக்கு' என்று பொருள். வரிகள் முழுதாக என்ன சொல்கின்றன என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அதே பள்ளத்தாக்கில், எகிப்திய எழுத்தில், பேபி என்ற ஒருவர் பெயரும் 'ஆசியர்களின் தளபதி' என்ற பதவியும் இருக்கிறது. அதாவது எகிப்துப் படையில் கூலிக்குச் சண்டை போட்ட கானானியப் பட்டாளம் ஒன்று அந்த வழியில் இருந்திருக்கிறது, அதற்குக் கணக்கெழுத எகிப்திய எழுத்தர்களும் கூடவே போயிருப்பார்கள். டார்னெல்லின் கட்சி என்னவென்றால், இந்தக் குறிகளின் வடிவம் பாறையில் அவசரமாகக் கீறும் படை எழுத்தர்களின் கையெழுத்தைப் பார்த்து எடுத்தது. சுரங்கமோ பட்டாளமோ, காலம் கி.மு. 1900-க்கும் 1800-க்கும் நடுவில் வருகிறது, எகிப்தியரும் கானானியரும் தோளோடு தோள் உரசிக்கொண்ட வேலையிடம் என்பதும் மாறவில்லை.

இன்னொரு கேள்வி எப்போதும் வரும்: ஏன் உயிரெழுத்தே இல்லை? எகிப்தியர் எழுதவில்லை, அதைப் பார்த்தவர்களும் எழுதவில்லை என்பது பாதிக் காரணம். மொழியின் கட்டுமானம் மீதிப் பாதி. செமிட்டிக் மொழிகளில் பெரும்பாலும் மூன்று மெய்களே வேர், உயிர் மாறினால் வேரின் பொருள் போகாது, சொல்லின் வடிவம்தான் மாறும். க்-த்-ப் எழுத்து சம்பந்தப்பட்ட வேர், கிதாபு புத்தகம், காதிப் எழுதுகிறவர், மக்தப் எழுதப் படிக்கக் கற்கும் இடம். க்-த்-ப் என்று மட்டும் எழுதினாலும் அந்த மொழிக்காரர் முன்பின் பார்த்து ஊகித்துவிடுவார். தமிழில் இப்படிச் செய்தால் கதை கந்தல். ப்-ல் என்று எழுதிவிட்டுப் போனால் பல், பால், பல, பலா, பாலை எது என்று யார் கண்டது? பல்வலிக்குப் பால் ஊற்றிவிடுவார்கள்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த பொருள். இஸ்ரேலில் லாக்கிஷ் அகழாய்வில் 2016-இல் கிடைத்த தந்தச் சீப்பு, தீப்பெட்டியைவிடச் சின்னது, ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 அகலப் பற்கள், இன்னொரு பக்கம் பேன் வார 14 நுண்ணிய பற்கள். அதில் எழுத்து இருப்பதே ஐந்து வருடம் கழித்துத்தான் ஒருவர் கண்ணில் பட்டது. 17 எழுத்து. "இந்தத் தந்தம் தலையிலும் தாடியிலும் உள்ள பேனைக் களையட்டும்" என்பது போலப் பொருள். எழுத்தின் வடிவத்தை வைத்து கி.மு. 1700 வாக்கு என்கிறார்கள். கானானில் இந்த எழுத்தில் முழு வாக்கியமாகப் படிக்க முடிந்த மிகப் பழையது இதுதான், அரசன் புகழ் இல்லை, ஆண்டவன் துதி இல்லை, பேன். பற்களுக்கு நடுவே பேன் குஞ்சின் மிச்சம்கூட இருந்தது. கானானில் அப்போது யானை இல்லை, ஆகவே தந்தம் எகிப்திலிருந்து போயிருக்கலாம் என்கிறார்கள், அதாவது பொருளும் எழுத்தும் ஒரே வழியில் வந்திருக்கின்றன. சிரியாவின் உம் எல்-மர்ராவில் கிடைத்த விரல் நீளக் களிமண் உருளைகளைக் காட்டி, கி.மு. 2400-லேயே ஆல்ஃபபெட் இருந்தது என்று 2024-இல் ஒரு அறிவிப்பும் வந்தது, உருளையில் இருப்பது எழுத்துதானா என்பதையே பலர் ஏற்கவில்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற மாதிரி அதற்குள் தலைப்புச் செய்திகள் மட்டும் ஓடிவிட்டன.

இந்த எழுத்து பிறந்ததும் உலகத்தையே புரட்டிப் போட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அறுநூறு எழுநூறு வருடம் அது ஓரத்திலேயே கிடந்தது. பானைத் துண்டு, அம்பு முனை, சீப்பு, பாறை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கானான் ஊர்த்தலைவர்கள் எகிப்திய அரசனுக்கு எழுதிய கடிதங்கள் எகிப்தின் அமர்னாவில் கட்டுக்கட்டாகக் கிடைத்தன, தங்கள் சொந்த மொழிக்கு ஒரு எழுத்து இருந்தும் அவர்கள் எழுதியது களிமண் பலகையில், ஆப்பு வடிவக் குறிகளைக் குத்தி எழுதும் ஆப்பெழுத்தில், மெசபொத்தாமியாவின் அக்காடிய மொழியில். அரசாங்கக் காரியம் என்றால் அதுதான் மரியாதை, நம்மூரில் மனு ஆங்கிலத்தில் இருந்தால்தான் எடுபடும் என்று நம்பியவர்களுக்கு இது புரியும். சிரியக் கடற்கரையில் உகாரித் ஊர்க்காரர்கள் மட்டும் குறுக்கே ஒரு வேலை செய்தார்கள். ஆல்ஃபபெட் என்ற யோசனையை எடுத்துக்கொண்டு, வடிவத்தை ஆப்பெழுத்தாக்கி, களிமண்ணில் குத்தி எழுதினார்கள். 30 எழுத்து. (நம் உயிரும் மெய்யும் கூட்டினாலும் முப்பதுதான், தற்செயல், இதை வைத்து யாரும் யூடியூபில் வீடியோ போட்டுவிடாதீர்கள்.) அவர்களின் பள்ளிப் பலகைகளில் எழுத்துகள் அ, ப, க என்று தொடங்கி வரிசையாக இருக்கின்றன, ஏபிசி வரிசையின் தாத்தா அதுதான். வரிசை ஏன் அப்படி என்பதற்கு இதுவரை எனக்கு ஒப்புக்கொள்ளும்படியான விளக்கம் எதுவும் கிடைத்ததில்லை, மாட்டுக்குப் பக்கத்தில் வீடு ஏன் நிற்கிறது? ஹ, ல, ஹ், ம என்று தொடங்கும் இன்னொரு வரிசையும் அதே காலத்தில் இருந்தது, தெற்கு அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் பிழைத்தது அந்த வரிசை.

கி.மு. 1200-ஐ ஒட்டிக் கிழக்கு மத்தியதரைக் கடலோரம் முழுக்க அரசுகள் சரிந்தன. உகாரித் எரிந்துபோனது, மறுபடி எழவே இல்லை. அரண்மனை போனதும் அரண்மனையை நம்பியிருந்த எழுத்தர் படிப்பும் போனது, ஆப்பெழுத்து கற்க வருடக்கணக்கில் சோறு போட ஆள் இல்லை. மிஞ்சியது சில வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய அந்த ஓரத்து எழுத்து. இன்றைய லெபனான் கடற்கரையில் இருந்த பைப்ளோஸின் அரசன் அஹிராமின் கல் சவப்பெட்டியில், கி.மு. 1000 வாக்கில், அது 22 எழுத்தாக, கோடுகளாகத் தேய்ந்து, படம் என்ற அடையாளமே போய் நிற்கிறது. அந்தக் கடற்கரையின் பினீசிய வியாபாரிகள் அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், கி.மு. 800 வாக்கில் கிரேக்கர்கள் வாங்கிக்கொண்டார்கள். கிரேக்க மொழியில் இல்லாத தொண்டை ஒலிகளுக்கு இருந்த எழுத்துகள் சும்மா கிடந்தன, அவற்றைத் தூக்கி உயிரெழுத்தாக்கினார்கள். மாட்டுத்தலை 'அ' ஆனது, கண் 'ஒ' ஆனது. ஆங்கிலப் பெரிய ஏ-யைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், இரண்டு கொம்பு, கூம்பிய முகம். ஓ-வில் கண் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறது. ஆல்பா, பீட்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்கத்தில் எந்த அர்த்தமும் இல்லை, அவை கானானிய மாடும் வீடும். ஆல்ஃபபெட் என்று சொல்லும்போதெல்லாம் உலகம் 'மாடுவீடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கிழக்கே போன கிளை அரமேயம். பாரசீகப் பேரரசின் அலுவலக எழுத்தாகி, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு வரை வந்து, கரோஷ்டி எழுத்து அதிலிருந்து பிறந்தது, இதில் பெரிய சண்டை இல்லை. பிராமி அரமேயத்திலிருந்து வந்ததா, அதைப் பார்த்துத் தூண்டப்பட்டதா, இங்கேயே முளைத்ததா என்பதில்தான் சண்டை, கீழடிக்குப் பிறகு நம் ஊரில் அது ஆய்வுச் சண்டையாக மட்டும் இல்லை என்பதால் நான் அதற்குள் போகவில்லை. தமிழ் பிராமி எகிப்துக்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் நிச்சயம். செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸில், இன்றைய குசேர் அல்-காதிமில், சுமார் 2000 வருடப் பானை ஓடுகளில் கணன், சாதன் என்று பெயர்கள், இன்னொரு ஓட்டில் 'பானை ஒறி', அதாவது உறியில் தொங்கவிடும் பானை. மிளகு மூட்டையோடு போனவர்கள் தங்கள் சாமானில் அடையாளம் எழுதி வைத்திருக்கிறார்கள், ஹாஸ்டலில் வாளியில் பெயர் எழுதுகிற மாதிரி.

எகிப்தியர்கள்? அவர்கள் கடைசியில் ஆல்ஃபபெட்டை எடுத்துக்கொண்டார்கள், வெளியிலிருந்துதான். கிறிஸ்தவம் பரவிய முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க எழுத்தை வைத்துத் தங்கள் மொழியை எழுதத் தொடங்கினார்கள், அதுதான் கோப்டிக். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் டெமோட்டிக் என்ற தங்கள் பழைய அன்றாடக் கையெழுத்திலிருந்து ஆறேழு குறிகளை எடுத்துக் கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள். 'ஷ்' ஒலிக்கான எழுத்து அதில் ஒன்று, குளத்தைக் காட்டும் பழைய படம் ஒன்றின் பேரப்பிள்ளை. முன்னால் வரும் ஆல்ஃபா, மீ எல்லாம் அதே எகிப்திய மாடும் அலையும்தான், சினாய், பைப்ளோஸ், ஏதென்ஸ் என்று சுற்றி வந்ததில் ஊர்க்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அலை இப்போது 'ம்'.

பழைய எழுத்தைத் தெற்கே பிலே தீவில் ஐசிஸ் கோயில் பூசாரிகள் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். 394-ஆம் வருடம் ஆகஸ்ட் 24 அன்று அங்கே நெஸ்மெத்தெராகெம் என்ற பூசாரி மந்துலிஸ் தெய்வத்தின் உருவத்துக்குப் பக்கத்தில் சில வரி வெட்டினார், தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் அதுதான். தன் பெயர், அப்பா பெயர், பதவி, அப்புறம் 'என்றென்றைக்கும்' என்று முடித்திருக்கிறார். அதே தீவில் டெமோட்டிக் கிறுக்கல் 452 வரை வருகிறது.